ஒரு ரக்மேனா, இருவரா?

ஆஸ்திரேலியக் கால்பந்து அணியைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் பதினெட்டு, இருபது பெயர்களில் பெரிய தகராறு வராது. கடைசி இரண்டு மூன்று இடங்களுக்குத்தான் இழுபறி. அதிலும் ஒரு கேள்வி எல்லா அணிகளையும் ஏதோ ஒரு பருவத்தில் பிடித்து ஆட்டியிருக்கிறது: ஒரு ரக்மேனோடு (மேலே எழும் பந்தை எம்பித் தட்டிவிடும் நெடியவர்) களம் இறங்குவதா, இருவரோடா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது ரக்மேன் என்று தனியாக ஓர் இடத்தை ஒதுக்கக் கூடாது. முன்வரிசையிலோ நடுக்களத்திலோ சொந்தத் தகுதியில் இடம் பிடிக்கக்கூடிய ஒருவர் ரக்கிலும் கைகொடுப்பார் என்றால் எடுக்கலாம். ரக் வேலை மட்டுமே தெரிந்த இரண்டாமவர் எவ்வளவு பெரிய பெயர் வாங்கியவராக இருந்தாலும் அந்த வாரம் இரண்டாம் நிலை அணியில் ஆடட்டும். இதை மறுக்கும் உதாரணங்கள் உண்டு, வலுவான உதாரணங்களே உண்டு. அவற்றையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் இப்படிச் சொல்கிறேன்.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். களத்தில் பதினெட்டுப் பேர், பெஞ்சில் நான்கு பேர், ஆக 22 பேர் என்பதுதான் நெடுநாள் கணக்கு. கோலுக்கு 6 புள்ளி, கோலைத் தவறவிட்டுப் பக்கத்தில் போகும் பிஹைண்டுக்கு 1 புள்ளி. ஒவ்வொரு கால் பகுதியின் தொடக்கத்திலும், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும், பந்து நடுக்களத்தில் மேலே எழும். இரு அணியிலும் இருந்து ஒரு நெடியவர் எம்பி அதைத் தன் ஆட்களுக்குத் தட்டிவிட வேண்டும். அவர்தான் ரக்மேன். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய் உள்ளே வீசப்படும்போதும், ஆட்கள் குவிந்து பந்து நின்றுபோகும்போதும் அதே போட்டிதான். ஒவ்வொரு முறையும் நூறு கிலோ எடையுள்ள இன்னொருவரோடு மோத வேண்டும். நடுவில் பந்து போகும் இடமெல்லாம் ஓடவும் வேண்டும்.

ஆகவே எந்த ரக்மேனாலும் முழு ஆட்டமும் தாங்க முடியாது. ஐந்தில் நான்கு பங்கு நேரம் அவர் பார்த்துக்கொள்வார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் அந்த ஒரு பங்கை யார் பார்ப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த ஆள் மற்ற நான்கு பங்கு நேரத்தில் என்ன செய்யப்போகிறார் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

விதிகளும் இந்தக் கேள்வியைக் கடினமாக்கிக்கொண்டே வந்தன. ஓர் ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து ஆட்களை மாற்றுவதற்கு 2014-இல் 120 முறை என்று வரம்பு வந்தது. 2016-இல் அது 90 ஆனது, 2021-இல் 75 ஆனது. மாற்றுகள் குறையக் குறைய, ரக்மேனைப் பெஞ்சில் உட்காரவைத்து ஓய்வு தருவது அணிக்குக் கட்டுப்படியாகவில்லை. முன்வரிசையில், கோல் கம்பங்களுக்கு அருகே போய் நில் என்று அனுப்புவது வழக்கமானது. இன்னொரு மாற்றம் 2017-இல் வந்தது. அதற்கு முன்பு இரண்டு ரக்மேன்களும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது மூன்றாவதாக ஒருவர் ஓடிவந்து எம்பிப் பந்தைத் தட்டிவிடலாம். ஜீலாங் அணியின் மார்க் பிளிகாவ்ஸ் இதில் கெட்டிக்காரர். அதைத் தடை செய்த பிறகு, ரக்கில் நிற்பவர் யாராக இருந்தாலும் தனியாகவே சமாளிக்க வேண்டும்.

சரி, இரண்டு முழுநேர ரக்மேன்கள் என்ற வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். இதற்கு மெல்பர்ன் அணியைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஒரே பயிற்சியாளர் சைமன் குட்வின், முதன்மை ரக்மேனாக ஒரே தலைவர் மாக்ஸ் கான், இரண்டு வெவ்வேறு ஜோடிகள்.

2021-இல் கானுக்கு ஜோடி லூக் ஜாக்சன். வயது 19. சிறுவயதில் கூடைப்பந்து ஆடியவர். ரக்கில் நிற்காத நேரத்தில் பந்து தரையில் கிடந்தால் நடுக்களக்காரரைப் போலக் குனிந்து அள்ளிக்கொண்டு ஓடுவார். விட்ட பந்தைத் துரத்திப் போய் ஆளைப் பிடிப்பார். அந்த ஆண்டின் சிறந்த இளம் வீரருக்கான ரைசிங் ஸ்டார் விருது அவருக்குத்தான். அவர் இருந்ததால் கானும் நிம்மதியாக முன்வரிசைக்குப் போக முடிந்தது. ஜீலாங்குக்கு எதிராக, கோப்பை ஆட்டத்துக்கு முந்தைய சுற்றான பிரிலிமினரி ஃபைனலில் கான் மட்டும் ஐந்து கோல் அடித்தார். அடுத்து பெர்த்தில் நடந்த, கோப்பைக்கான கடைசி ஆட்டமான கிராண்ட் ஃபைனலில் மெல்பர்ன் ஒரு கட்டத்தில் 19 புள்ளி பின்தங்கி, கடைசியில் 74 புள்ளியில் வென்றது. 1964-க்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை.

2022 முடிவில் ஜாக்சன் தன் சொந்த மாநிலத்துக்குத் திரும்பி, பெர்த்தைச் சேர்ந்த ஃபிரீமேன்டில் அணிக்குப் போனார். அந்த இடத்துக்குக் காலிங்வுட் அணியிலிருந்து பிரோடி கிரண்டி வந்தார். காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பலமான ஜோடி இருக்கவே முடியாது. 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கானும் கிரண்டியும் ஒன்றாகவே, ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களின் கௌரவப் பட்டியலான ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம்பெற்றவர்கள். நாட்டின் தலைசிறந்த இரண்டு ரக்மேன்கள் ஒரே அணியில்!

நடந்தது வேறு. இரண்டாவது சுற்றிலேயே கானுக்கு முழங்காலில் அடி. அவர் இல்லாத வாரங்களில் கிரண்டி தனியாக ரக்கைத் தாங்கினார், நன்றாகவே தாங்கினார். கான் திரும்பி வந்ததும் சிக்கல் தொடங்கியது. இருவரும் சேர்ந்து ஆடும்போது எப்போதும் ஒருவர் முன்வரிசையில் நின்றாக வேண்டும். கிரண்டியின் பலம் ரக் போட்டி முடிந்த அடுத்த நொடியில் இருக்கிறது: தட்டிய பந்தைத் தானே பின்தொடர்ந்து போய் இன்னொரு நடுக்களக்காரராக மாறிவிடுவார். முன்வரிசையில் அந்த வேலைக்கு இடமில்லை. அங்கே எப்போது ஓட வேண்டும், எந்தக் கோணத்தில் ஓட வேண்டும், பின்வரிசைக்காரரை எப்படி இழுத்துப்போக வேண்டும் என்பது பல வருடப் பழக்கத்தில் வரும் தனி வித்தை. பருவத்தின் பின்பாதியில் குட்வின் அவரை அணியிலிருந்து நீக்கினார். ஆல்-ஆஸ்திரேலியன் ரக்மேன் இரண்டாம் நிலை அணியில் ஆடினார்.

இதோடு கதை முடிந்தது, ஒற்றை ரக் வென்றது என்று சொல்லிவிட முடியாது. கிரண்டி இல்லாமலே மெல்பர்ன் ஃபைனல்ஸ் என்னும் பருவ இறுதிச் சுற்றுகளில் இறங்கியது, இறங்கி இரண்டு ஆட்டத்திலும் தோற்றது. காலிங்வுட்டுக்கு எதிராக 7 கோல் 11 பிஹைண்ட் அடித்து 7 புள்ளியில் தோல்வி. அடுத்த வாரம் கார்ல்டனுக்கு எதிராக 9 கோல் 17 பிஹைண்ட், 2 புள்ளியில் தோல்வி. இரண்டு ஆட்டத்திலும் பந்து கோல் பக்கம் போகாமல் இல்லை. போன பந்தைக் கோலாக்க ஆளில்லை. முன்வரிசையில் நம்பிக்கையாக நின்றுகொண்டிருந்த ஹாரிசன் பெட்டி பாதக் காயத்தால் ஏற்கெனவே வெளியே. ஜேக் மெல்க்ஷம் கடைசிச் சுற்றில் முழங்காலை உடைத்துக்கொண்டார். ஜேக்கப் வான் ரோயன் கார்ல்டன் ஆட்டத்துக்குத் தடையில் இருந்தார். அந்த வாரம் கிரண்டியை எடுத்திருந்தால் இரண்டு புள்ளி கிடைத்திருக்காதா என்று மெல்பர்ன் ரசிகர்கள் இன்றும் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முன்வரிசையில் பருவம் முழுக்கப் பொருந்தாத ஒருவர் வாழ்வா சாவா ஆட்டத்தில் திடீரென்று பொருந்துவது அரிது. ஆனால் மூன்று முன்வரிசைக்காரர்கள் இல்லாத ஓர் அணிக்கு எந்தத் தேர்வும் நல்ல தேர்வாக இருந்திருக்காது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கிரண்டியின் தரத்தில் குறை இல்லை என்பதற்கு அடுத்த ஆண்டே சாட்சி. 2024-இல் சிட்னிக்குப் போய் முதன்மை ரக்காக ஆடினார். சிட்னி பட்டியலில் முதலிடம் பிடித்துக் கிராண்ட் ஃபைனலுக்கும் போனது. அதே ஆள், அதே திறமை. மெல்பர்னில் அவருக்கு வேலை இல்லை, சிட்னியில் இருந்தது.

ஃபிரீமேன்டிலில் ஜாக்சன் கதையும் கவனிக்க வேண்டியது. அங்கே ஷான் டார்சி என்ற பெரிய ரக்மேன் ஏற்கெனவே இருந்தார். அதனால் இதே வாதம் அப்படியே பெர்த்துக்கு இடம் மாறியது. ஆனால் ஜாக்சனை முன்வரிசையிலும் நடுக்களத்திலும் மாற்றி மாற்றிப் போட முடிகிறது என்பதால் அங்கே அந்தக் கேள்வி கிரண்டி விஷயத்தைப் போல முட்டுச்சந்தில் போய் நிற்கவில்லை.

இப்போது எதிர்முனை. ஒரே ரக்மேன், உதவிக்கு ஒரு நடுக்களக்காரர். ரிச்மண்ட் 2017. இந்த அணியைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுக்காது, ஏனென்றால் அந்த ஆண்டு அவர்கள் செய்தது அன்றைய பொது அறிவுக்கு நேர் எதிரானது. பெரிய அணிக்கு இரண்டு மூன்று நெடிய முன்வரிசைக்காரர்கள் வேண்டும் என்பது எழுதாத சட்டம். ரிச்மண்டில் ஜாக் ரீவோல்ட் ஒருவர்தான் நெடியவர். பென் கிரிஃபித்ஸ் தலையில் அடிபட்டு ஆட முடியாமல் போனதால் இன்னொருவர் இல்லை. பயிற்சியாளர் டேமியன் ஹார்ட்விக் இல்லாததைத் தேடி அலையாமல் டேனியல் ரியோலி, டான் பட்லர், ஜேசன் கஸ்டானியா என்று வேகமான குட்டை ஆட்களை முன்வரிசையில் நிரப்பினார். ரக்கில் டோபி நான்கர்விஸ்; அவர் மூச்சு வாங்கும் நேரத்தில் ஷான் கிரிக் என்ற நடுக்களக்காரர் போய் நிற்பார்.

கிரிக் எத்தனை பந்தைத் தட்டினார் என்பது அங்கே பொருட்டில்லை. எதிரணி ரக்மேனின் உடம்பில் சாய்ந்து அவரைச் சுத்தமாகத் தட்டவிடாமல் செய்தால் போதும். பந்து தரைக்கு வந்தவுடன் ரிச்மண்டுக்கு அங்கே ஓர் ஆள் அதிகம். பந்து முன்னால் போய்க் கீழே விழுந்தால் குட்டை ஆட்கள் ஈசல் கூட்டம் போல மொய்த்துக்கொண்டார்கள். எதிரணிப் பின்வரிசைக்காரர் நிதானமாகத் திரும்பி உதைக்க நேரமே கிடைக்காது. கிராண்ட் ஃபைனலில் அடிலெய்டின் சாம் ஜேக்கப்ஸ் உயரத்திலும் அனுபவத்திலும் மிஞ்சியவர். ஆட்டம் ரிச்மண்டுக்கு 48 புள்ளியில் போனது. 37 ஆண்டுக் காத்திருப்பு அன்று முடிந்தது.

இந்த வழியின் பலவீனம் அடுத்த ஆண்டே தெரிந்தது. 2018 பிரிலிமினரி ஃபைனல், மீண்டும் அதே பாணி, பட்டியலில் முதலிடம். எதிரே காலிங்வுட். ரக்கில் கிரண்டி, முன்வரிசையில் 211 செ.மீ. உயரமுள்ள அமெரிக்கர் மேசன் காக்ஸ். அன்று காக்ஸ் தலைக்கு மேலே பிடித்த பந்துகளை ரிச்மண்டால் ஒன்றுமே செய்ய முடியவில்லை. இடைவேளைக்கு முன்பே மூன்று கோல். ரிச்மண்ட் 39 புள்ளியில் தோற்றது. ஒரு நெடியவர் முன்வரிசையில் தன்னிச்சையாகப் பந்தைப் பிடிக்கும் நாளில் குட்டை ஆட்களின் விரட்டல் செல்லாது. பந்து தரைக்கே வருவதில்லையே.

ரிச்மண்ட் பாடம் கற்றது. டாம் லிஞ்சை வாங்கி ரீவோல்டுக்குத் துணை வைத்தது. 2019 கிராண்ட் ஃபைனலில் நான்கர்விஸோடு ஐவன் சோல்டோவையும் இறக்கியது. என் வாதத்துக்கு எதிராக யாராவது இதைக் காட்டலாம்: ரக் மட்டுமே தெரிந்த இருவர், 89 புள்ளி வெற்றி. நியாயமான அடிதான். ஆனால் அந்த அணியில் வேறு எந்த ஓட்டையும் இல்லை. ஓர் இடத்தை ஆடம்பரமாகச் செலவழிக்க அதனால் முடிந்தது. அதே வாரம் ஜாக் கிரஹாம் தோள் காயத்தால் விலக, அந்தக் காலியிடத்துக்கு ரிச்மண்ட் யாரைத் தேர்ந்தெடுத்தது என்று பாருங்கள். மார்லியன் பிக்கெட், ஓடும் நடுக்களக்காரர், முதல் நிலை ஆட்டம் ஒன்றுகூட ஆடாதவர். 1952-க்குப் பிறகு கிராண்ட் ஃபைனலிலேயே அறிமுகமான முதல் ஆள். அவருக்கு ஒரு கோலும் கிடைத்தது.

எனக்குத் தொந்தரவு தரும் எதிர் உதாரணம் வேறு: 2018 வெஸ்ட் கோஸ்ட். நிக் நைட்டனுயி ஜூலையில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். மிச்சமிருந்த ஸ்காட் லைசெட், நேதன் வார்டி இருவரையும் வெஸ்ட் கோஸ்ட் சேர்த்தே ஆடவைத்தது. கிராண்ட் ஃபைனலில் எதிரே அந்த ஆண்டின் ஆல்-ஆஸ்திரேலியன் கிரண்டி. முதல் கால் பகுதியில் காலிங்வுட் வெகுதூரம் முன்னே போனது. கடைசி நிமிடங்களில் டாம் ஷீட் எல்லைக்கோட்டை ஒட்டிய இறுக்கமான கோணத்திலிருந்து அடித்த கோல், 5 புள்ளி வெற்றி. இதை நான் எப்படிப் பார்க்கிறேன் என்றால், தனியாகச் சுமக்கத் திராணியுள்ள ஒருவர் உங்களிடம் இல்லாதபோது இருவரைப் பங்குபோட வைப்பது சரியான முடிவு. லைசெட்டும் வார்டியும் மாற்றி மாற்றி மோதினார்கள். மறுபக்கம் கிரண்டி கிட்டத்தட்ட எல்லா மோதலையும் ஒரே உடம்பில் வாங்கினார். ஆகவே என் விதியில் ஒரு விலக்கு எழுதிக்கொள்கிறேன்: முதல் ரக்மேன் சராசரியானவர், எதிரணி ரக்மேன் மிகச் சிறந்தவர் என்றால் இரண்டாமவருக்கு இடம் உண்டு.

மூன்றாவது வழி நடுவில் இருக்கிறது. நெடிய முன்வரிசைக்காரரோ உயரமான நடுக்களக்காரரோ தன் வேலையோடு ரக்கையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வது. அண்மைக் காலக் கோப்பைகளைப் பார்த்தால் இந்த வழிதான் அதிகம் கண்ணில் படுகிறது. ஜீலாங் 2022: ரைஸ் ஸ்டான்லி முதல் ரக், பிளிகாவ்ஸ் துணை. பிளிகாவ்ஸ் தடகளத்தில் தடைதாண்டும் நீண்ட ஓட்டம் ஓடியவர், அவரை எங்கே போட்டாலும் ஓடிக்கொண்டே இருப்பார். கோலுக்கு ஐம்பது மீட்டருக்குள் போட்டி வந்தால் அதற்கு டாம் ஹாக்கின்ஸ். அந்தக் கிராண்ட் ஃபைனலின் முதல் இரண்டு கோலும் அப்படித்தான் வந்தன: உள்ளே வீசப்பட்ட பந்தை ஹாக்கின்ஸ் எதிராளியைத் தோளால் தள்ளிவைத்துவிட்டு நேராகக் கையில் பிடித்து, திரும்பி உதைத்தார். தட்டிவிடவே இல்லை. ஸ்டான்லி ஓடிவந்து சேரும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை. சிட்னி அதற்குத் தயாராக இல்லை. முடிவு 81 புள்ளி.

2024 பிரிஸ்பேன் இன்னொரு பாடம் வைத்திருக்கிறது. முதல் ரக் ஆஸ்கர் மெக்கினர்னி பிரிலிமினரி ஃபைனலில் தோள்மூட்டு நழுவிக் கிராண்ட் ஃபைனலை இழந்தார். டார்சி ஃபோர்ட் உள்ளே வந்தார். ஜோ டேனியர் வழக்கம்போல முன்வரிசையில் ஆடிக்கொண்டே துணை ரக்கும் பார்த்தார். எதிரே மறுபடியும் கிரண்டி, பாவம். பிரிஸ்பேன் 60 புள்ளியில் வென்றது. இரண்டாவது ரக்மேன் கிளப்பின் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும், விஎஃப்எல் என்னும் இரண்டாம் நிலை ஆட்டங்களில் ஆடி உடம்பைத் தயாராக வைத்திருக்க வேண்டும், சம்பளமும் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை அணியில் அவர் இருக்க வேண்டும் என்பதில்லை.

மழை என்றால் விவாதத்துக்கே இடமில்லை. ஈரப் பந்தைத் தலைக்கு மேல் பிடிப்பது கடினம், எல்லாம் தரையில்தான் தீர்மானமாகும். இரண்டாவது ரக்மேனை விட்டுவிட்டு ஓடுகிறவரை எடுங்கள்.

காயத்தைப் பற்றிக் கேட்பீர்கள். ஒற்றை ரக்மேன் பத்தாவது நிமிடத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தால்? ஒற்றை ரக் வழிக்கு எதிரான மிகப் பெரிய வாதம் இதுதான், இதற்கு முழுமையான பதில் கிடையாது. 2021 முதல் இருபத்து மூன்றாவதாக ஒரு மாற்று ஆட்டக்காரரை வைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் அணிகள் பெரும்பாலும் அந்த இடத்தை வேகமான ஆளுக்கே தந்தன. அதனால்தான் மூன்றாவது வழியை நான் விரும்புகிறேன். டேனியரோ பிளிகாவ்ஸோ இருக்கும் அணி அந்தப் பத்தாவது நிமிடத்தில் பலவீனப்படும், நொறுங்காது. கிரிக்கை நம்பியிருக்கும் அணி நொறுங்கிவிடும்.

2026 பருவத்துக்கு விதி மாறியிருக்கிறது. மாற்று ஆட்டக்காரர் முறை நீங்கி, பெஞ்சில் ஐந்து பேர். கூடுதலாக ஓர் இடம் திறந்ததும் இரண்டாவது ரக்மேனுக்கு வழி பிறந்துவிட்டது என்று பலர் பேசத் தொடங்கிவிட்டார்கள். நான் தேர்வுக்குழுவில் இருந்தால் அந்த ஐந்தாவது இடத்துக்கு இப்படித்தான் வரிசைப்படி கேட்பேன். நம் முன்வரிசையில் ரக்கில் நிற்கக்கூடிய நெடியவர் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரா? இருந்தால் பேச்சே இல்லை, ஓடும் நடுக்களக்காரருக்கு அந்த இடம். இல்லையென்றால், நம் முதல் ரக்மேனின் உடல்நிலை எப்படி? போன மாதம் காயத்திலிருந்து திரும்பியவர் என்றால் இரண்டாமவரை எடுக்கலாம். எதிரே வருவது கான் தரத்து ஆளா? அப்போதும் எடுக்கலாம், ஆனால் அவரை முன்வரிசையில் நிறுத்த வேண்டாம். களத்தில் ரக்கில் மட்டும் நிற்கட்டும், மற்ற நேரம் பெஞ்சில் உட்காரட்டும். பெஞ்சில் ஐந்து பேர் இருப்பதால் இந்தச் செலவை இனி தாங்க முடியும். மெல்பர்னுக்கு 2023-இல் இந்த வசதி இருந்திருந்தால் கிரண்டி ஒருவேளை அங்கேயே தங்கியிருப்பார்.